பாட்டிக்கு வேண்டியது மூன்றே வரி

“ஆத்துல தண்ணி ஏறுதா, எறங்குதா? அத மட்டும் சொல்லு கண்ணு.”

ஆண்டு இறுதியில் மழை பிடித்துக்கொண்டால் பாட்டி தொலைபேசியில் என்னிடம் கேட்பது இந்த ஒரு கேள்விதான். நாங்கள் இருப்பது தஞ்சோங் காராங்கில். பாட்டியும் சித்தப்பா குடும்பமும் பெஸ்தாரி ஜெயாவில், சிலாங்கூர் ஆற்றுக்குப் பக்கத்துத் தாழ்வான பகுதியில் இருக்கிறார்கள். ஊர்ப் பெயர் மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. பாட்டிக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் பெயர் தென்னமரம். அரசாங்க வரைபடத்திலும் அதே பெயர்தான். தமிழில் பெயர் வைத்த தோட்டத்துக்கு அருகில் இருந்தும், ஆற்றின் நிலையைத் தமிழில் தெரிந்துகொள்ளப் பாட்டிக்கு வழியில்லை என்பதில் எனக்கு நெடுநாள் குறை.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. அப்போது நான் நான்காம் படிவ மாணவி. ஷா ஆலாம், ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கிக் கிடந்த படங்களை நாடே பார்த்தது. அதே மழை கோல சிலாங்கூர் மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. அன்றிரவு சித்தப்பா அரை மணிக்கு ஒரு தடவை டார்ச் லைட்டோடு வாசலுக்குப் போய், கேட் தூணில் தண்ணீர் எத்தனையாவது செங்கல்லைத் தொடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். நான்காவது செங்கல்லுக்கு வந்ததும் பாட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஒரு மணி நேரம் முன்பே தெரிந்திருந்தால் பாட்டியின் மருந்துப் பையும், தாத்தாவின் படமும் மேலே ஏறியிருக்கும். படம் நனைந்து போனது. மருந்தை மறுநாள் வேறொருவரிடம் இரவல் வாங்கினார்கள்.

இதில் என்னை இன்றும் உறுத்துவது ஒன்று. ஆற்றின் நீர்மட்டம் யாருக்கும் தெரியாத இரகசியம் அல்ல. நம் நாட்டு ஆறுகளில் பல இடங்களில் வடிகால் நீர்ப்பாசனத் துறை தானியங்கி அளவீட்டு நிலையங்களை வைத்திருக்கிறது. பெஸ்தாரி ஜெயாவுக்குச் சற்று மேலே, ரந்தாவ் பாஞ்சாங்கில் சிலாங்கூர் ஆற்றை அளக்கும் நிலையம் ஒன்று உண்டு. அங்கே எடுக்கப்படும் அளவு துறையின் ‘பப்ளிக் இன்ஃபோபஞ்சிர்’ இணையத்தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி வெளியாகிறது. நிலையத்தின் எண், பெயர், மாவட்டம், ஆற்றுப்படுகை, கடைசியாகப் பதிவான நேரம், மீட்டரில் நீர்மட்டம், பக்கத்திலேயே நான்கு எல்லை அளவுகள்: நோர்மல், வஸ்பாடா, அமாரான், பஹாயா. எல்லாம் இருக்கிறது. ஆனால் பாட்டிக்கு அது நூறு வரிசை கொண்ட ஓர் அட்டவணை. சின்னத் திரையில், பொடி எழுத்தில், மலாயிலும் ஆங்கிலத்திலும். அதிலிருந்து அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வரிசை.

பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் எடுத்த பிறகு, அந்த ஒரு வரிசையை மட்டும் பிய்த்து எடுத்துப் பாட்டியின் கைப்பேசியில் தமிழில் காட்டலாமே என்று தோன்றியது. ஒரு வார இறுதியில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். விடுமுறை முழுக்க இழுத்தது. அந்த விடுமுறையில் நான் செய்த தப்புகள்தாம் இந்தக் கட்டுரை. நிரலாக்கம் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு உதவும். படிக்காதவர்களும் தைரியமாகத் தொடரலாம்.

அட்டவணை எங்கே போனது?

ஓர் இணையப் பக்கம் எச்.டி.எம்.எல். என்ற குறிமொழியில் எழுதப்பட்டிருக்கும். உலாவியில் ‘பக்க மூலத்தைக் காட்டு’ என்று அழுத்தினால் அந்த எழுத்தைப் பார்க்கலாம். நானும் அழுத்திப் பார்த்தேன். தலைப்பு இருந்தது, பட்டியல் பொத்தான்கள் இருந்தன. கண்ணால் திரையில் பார்த்துக்கொண்டிருந்த அட்டவணை மட்டும் அந்த மூலத்தில் இல்லை. ‘ரந்தாவ்’ என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை.

காரணம், பக்கம் முதலில் வெறும் சட்டமாக வருகிறது. அது திறந்த பிறகு, பின்னணியில் இன்னொரு கோரிக்கை சர்வருக்குப் போகிறது. அந்தக் கோரிக்கைக்குப் பதிலாகத்தான் அட்டவணை, அதுவும் எச்.டி.எம்.எல். துண்டாகவே வந்து சட்டத்துக்குள் உட்காருகிறது. உலாவியில் எஃப் 12 விசையை அழுத்தி, ‘நெட்வொர்க்’ என்ற பிரிவைத் திறந்துவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றினால் இந்தப் போக்குவரத்து முழுவதும் தெரியும். எந்தக் கோரிக்கை எப்போது போனது, என்ன பதில் வந்தது என்று வரிசையாகப் பார்க்கலாம். எனக்கு அன்று அது வீட்டுச் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயைப் பார்த்த மாதிரி இருந்தது.

இப்படிப் பக்கத்தை முழுதாக மாற்றாமல் பின்னணியில் கேட்டு வாங்கும் வித்தைக்கு வயது ஏறத்தாழ என் வயதைவிடக் கொஞ்சம் கூடுதல். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் இணைய அஞ்சல் சேவைக்காக உருவாக்கிய வசதி, 1999-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உலாவியில் சேர்ந்தது. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் என்ற வடிவமைப்பாளர் இதற்கு ‘அஜாக்ஸ்’ என்று பெயர் சூட்டினார். மறு ஆண்டு ஜான் ரெசிக் ‘ஜேகுவெரி’ என்ற நிரல் தொகுப்பை வெளியிட்டதும் வேலை சுலபமாகிவிட்டது. இப்போது உலாவிகளிலேயே ‘ஃபெட்ச்’ என்ற கட்டளை உண்டு. ஜேகுவெரி பழசு என்று சொல்பவர்கள் பலர். ஆனால் இன்றும் எத்தனையோ தளங்கள் அதில்தான் ஓடுகின்றன. வேலைக்குப் போகிறவர்கள் கற்றுக்கொள்வதில் தப்பே இல்லை என்பது என் எண்ணம்.

பின்னணிக் கோரிக்கையில் புதியவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மாமாக் கடையில் மீ கோரேங் சொல்கிறோம். சொன்ன அடுத்த வினாடி தட்டு வருவதில்லை. எழுதிய சீட்டுதான் மேசையில் இருக்கும். நான் எழுதிய முதல் நிரல், மீ வருவதற்கு முன்பே முள்கரண்டியை எடுத்துச் சீட்டைக் குத்திக்கொண்டிருந்தது. கோரிக்கையை அனுப்பிய அடுத்த வரியிலேயே பதிலைப் பிரிக்கப் பார்த்தேன். பதில் இன்னும் வரவில்லை. ‘வரையறுக்கப்படவில்லை’ என்றே திரும்பத் திரும்பச் சொன்னது. பதில் வந்து சேர்ந்த பிறகு எதைச் செய்ய வேண்டுமோ அதைத் தனியாக எழுதி, ‘தட்டு வந்ததும் இதைச் செய்’ என்று ஒப்படைக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏற எனக்கு இரண்டு நாள்.

இன்னொரு தடை. ஒரு தளத்திலிருந்து திறந்த பக்கம், வேறொரு தளம் கொடுக்கும் பதிலை அந்தத் தளத்தின் அனுமதி இல்லாமல் படிக்க உலாவி விடாது. நம் வங்கிக் கணக்கை ஏதோ ஒரு விளம்பரப் பக்கம் படித்துவிடக் கூடாதே, அந்தப் பாதுகாப்புக்காக. ஆகவே இடையில் என்னுடைய சிறிய சர்வர் நிரல் ஒன்றை வைத்தேன். அது போய் அட்டவணையை வாங்கி வரும். பாட்டியின் கைப்பேசி என் சர்வரிடம் கேட்கும்.

கேட்டிலேயே நிற்கிறவர்

வந்த பதிலை நான் முதலில் வெறும் எழுத்தாகத்தான் பார்த்தேன். ‘ரந்தாவ் பாஞ்சாங்’ என்ற சொல்லைத் தேடு, அதிலிருந்து இத்தனை எழுத்து தள்ளிப் போ, அங்கே இருக்கும் எண்ணை எடு. இரண்டு நாள் வேலை செய்தது. மூன்றாம் நாள் நீர்மட்டம் ஒற்றை இலக்கத்திலிருந்து இரட்டை இலக்கத்துக்கு மாறியதும் கணக்கு ஓர் எழுத்து நகர்ந்து, எண்ணின் பாதியை மட்டும் எடுத்தது.

எச்.டி.எம்.எல். எழுத்து வரிசையல்ல, மரம். அட்டவணை ஒரு கிளை, அதற்குள் வரிசைகள், வரிசைக்குள் கட்டங்கள். அந்த எழுத்தை உலாவியிடமே கொடுத்து மரமாக ஆக்கச் சொல்லிவிட்டு, ‘இந்த அடையாளமுள்ள உறுப்பைக் கொடு’ என்று கேட்பதே முறை. அடையாளத்தை விவரிக்கும் சொல்லுக்கு செலக்டர் என்று பெயர்.

இங்கேயும் ஒரு வேடிக்கை. ஜேகுவெரியில் ‘ஃபைண்ட்’ என்று கேட்டால் அது மரத்தின் உள்ளே மட்டும் தேடும். நாம் தேடும் உறுப்பே வந்த துண்டின் மேல்மட்டத்தில் இருந்தால் ‘இல்லை’ என்று கைவிரித்துவிடும். ஒரு வீட்டு கேட்டில் நிற்கும் தாத்தாவிடம், “வீட்டுக்குள்ளே தாத்தா இருக்கிறாரா?” என்று கேட்பது போல. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, “உள்ளே யாரும் தாத்தா இல்லையே” என்கிறார். பொய்யும் இல்லை. மேல்மட்டத்தில் நிற்கிறவர்களுக்குள்ளேயே சலித்துப் பார்க்க ‘ஃபில்டர்’ என்ற வேறு கட்டளை இருக்கிறது. அல்லது வந்த துண்டு முழுவதையும் ஒரு காலிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, பெட்டிக்குள் தேடச் சொல்லலாம். அப்போது தாத்தாவும் உள்ளே வந்துவிடுகிறார். நான் இரண்டாவது வழியைப் பிடித்தேன். அந்தக் காலிப் பெட்டிதான் பிறகு எனக்கு வினையாக முடிந்தது. அதற்கு வருகிறேன்.

இதே வகையில் இன்னொன்று: அட்டவணைக்கு நேர் கீழே வரிசை இருக்கிறது என்று நாம் எழுதினாலும், உலாவி மரமாக்கும்போது நடுவில் ‘டிபாடி’ என்ற ஓர் உறுப்பைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும். ‘அட்டவணையின் நேரடிப் பிள்ளையான வரிசையைக் கொடு’ என்று கேட்டால் ஒன்றும் வராது. வரிசை இப்போது பேரப் பிள்ளை.

அம்மாவை அலற வைத்த ரந்தாவ் பாஞ்சாங்

முதல் முறையாக என் பக்கம் முழுமையாக ஓடிய அன்று மாலை, அதை அம்மாவின் கைப்பேசியிலும் போட்டுக் கொடுத்தேன். இரவு சாப்பாட்டு நேரத்தில் திரை சிவப்பானது. ‘ரந்தாவ் பாஞ்சாங்: அபாயம்.’ அம்மா தட்டை அப்படியே வைத்துவிட்டுச் சித்தப்பாவுக்கு அடித்தார். “அண்ணி, இங்க மழையே இல்ல. ஆறு கீழ கெடக்கு,” என்றார் சித்தப்பா.

பூகோளம் படித்தவர்கள் இதற்குள் சிரித்திருப்பீர்கள். கிளந்தானில், கோலோக் ஆற்றங்கரையில், தாய்லாந்து எல்லையில் இன்னொரு ரந்தாவ் பாஞ்சாங் இருக்கிறது. அங்கே வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் எல்லா மாநிலங்களின் பட்டியலையும் வாங்கி, பெயரை மட்டும் வைத்துத் தேடியிருந்தேன். முதலில் அகப்பட்டது கிளந்தான். ‘நீண்ட ஆற்று நெடுகை’ என்று பொருள்படும் பெயர், ஆறு ஓடும் நாட்டில் இரண்டு இடத்துக்கு இருப்பதில் வியப்பென்ன!

அன்றிலிருந்து பெயரை நம்புவதில்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் துறை கொடுத்திருக்கும் எண்ணைத்தான் தேடுகிறேன். கட்டங்களையும் ‘ஏழாவது, எட்டாவது’ என்று எண்ணாமல், தலைப்பு வரிசையைப் படித்து, ‘நீர்மட்டம்’ என்ற தலைப்பு எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறதோ அதை எடுக்கும்படி மாற்றினேன். நாளை யாராவது நடுவில் ஒரு கட்டம் சேர்த்தாலும் என் நிரல் மாவட்டத்தின் பெயரை நீர்மட்டம் என்று நினைத்துக்கொள்ளாது.

நான்கு நாள் பச்சை

பொய்யான சிவப்பு சிரிப்போடு போய்விட்டது. பொய்யான பச்சைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

பாட்டியின் கைப்பேசி பழையது. டேட்டா திட்டமும் சின்னது. முழு அட்டவணையையும் அனுப்புவானேன், வேண்டிய வரிசையை மட்டும் சர்வரிலேயே வெட்டி அனுப்பலாம் என்று ‘மேம்படுத்தினேன்’. வெட்டிய வரிசை ‘டிஆர்’ என்ற குறியோடு தொடங்கும். அதற்குள் ‘டிடி’ என்ற கட்டங்கள். அதைப் பாட்டியின் கைப்பேசியில் என் காலிப் பெட்டிக்குள் போட்டு, வரிசையைத் தேடச் சொன்னேன். என் கணினியில் பக்கம் பச்சையாக, ‘இயல்பு’ என்று காட்டியது. அன்று ஆறும் இயல்பாகத்தான் இருந்தது. சரியாகிவிட்டது என்று மூடிவைத்தேன்.

நான்காம் நாள் மாலை சித்தப்பா கூப்பிட்டார். “பாலத்து மேலருந்து பாத்தேன். ஆறு கலங்கி மேல வந்திருக்கு. உன் போன் பச்சைனு சொல்லுது. எத நம்புறது?”

துறையின் தளத்தைத் திறந்தேன். நீர்மட்டம் வஸ்பாடா எல்லையைத் தாண்டியிருந்தது. என் பக்கம் பச்சை. புதுப்பித்தேன், பச்சை. பாட்டி அதைப் பார்த்துவிட்டுப் பேரப்பிள்ளைகளின் புத்தகங்களைக் கீழ்த் தட்டிலேயே விட்டிருந்தார். ‘பிள்ள செஞ்சது, சரியாத்தான் இருக்கும்’ என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நல்லவேளை, அன்றிரவு மேல்பக்கம் மழை விட்டது. விடிவதற்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அதில் என் பங்கு ஒன்றுமில்லை.

தப்பு எங்கே என்று கண்டுபிடித்தவர் எங்கள் துறையின் மூத்த மாணவி ஒருவர். என் நிரலைப் பார்க்கவே இல்லை. ஒரே கேள்விதான் கேட்டார்: “அக்காவுக்குச் சொல்லு, நீ தேடுவது கிடைக்காவிட்டால் உன் பக்கம் என்ன காட்டும்?”

பச்சைதான் காட்டும். தொடக்கத்தில் நிலை என்ற மாறிக்கு ‘இயல்பு’ என்று ஒரு மதிப்பைக் கொடுத்து வைத்திருந்தேன்; வரிசை கிடைத்தால் அதைப் பார்த்து மாற்றும். கிடைக்காவிட்டால் மாற்ற எதுவும் இல்லை. நான்கு நாளும் ஒரு வரிசைகூடக் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்பது எச்.டி.எம்.எல். தரவிதி. வரிசையும் கட்டமும் அட்டவணைக்குள் மட்டுமே வாழக்கூடியவை. அட்டவணை இல்லாத சாதாரணப் பெட்டிக்குள், அதாவது ‘டிவ்’ உறுப்புக்குள், ஒரு தனி வரிசையைப் போட்டால் உலாவி சண்டை போடாது, பிழை என்று அறிவிக்காது. அந்தக் குறிகளை ஓசையில்லாமல் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே இருந்த எழுத்துகளை மட்டும் ஒட்டிவைத்துக்கொள்ளும். எண்ணும் பெயரும் நேரமும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே சரமாகப் பெட்டிக்குள் கிடந்தன. மரம் இல்லை, இலைகள் குவியலாக இருந்தன. முழு அட்டவணையை அனுப்பியவரை எல்லாம் சரியாக ஓடியதற்கும், நான் ‘மேம்படுத்திய’ நாளிலிருந்து கெட்டதற்கும் இதுதான் காரணம்.

திருத்துவது மிகச் சுலபம். வரிசையைச் சுற்றி அட்டவணைக் குறிகளைச் சேர்த்துவிட்டு மரமாக்கலாம்; அல்லது ‘டெம்ப்ளேட்’ என்ற உறுப்புக்குள் போடலாம், அது தனி வரிசையையும் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். ஜேகுவெரியிடம் நேரடியாகக் கொடுத்திருந்தால் அதுவே அட்டவணையைச் சுற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு விரிவுரையாளரிடம் இதைச் சொன்னபோது, “சர்வரிலேயே எண்ணைப் பிரித்தெடுத்து எண்ணை மட்டும் அனுப்பியிருக்கலாமே, வரிசையை ஏன் அனுப்பினாய்?” என்று கேட்டார். உண்மைதான். இப்போது அப்படித்தான் அனுப்புகிறேன்.

ஆனால் குறிகளைத் திருத்தியதோடு வேலை முடியவில்லை. ‘கிடைக்கவில்லை’ என்பதற்குத் திரையில் ஓர் இடம் வேண்டும். ஆகவே பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்போடு சாம்பல் என்று ஐந்தாவது நிறத்தைச் சேர்த்தேன். தொடக்க நிலையே இப்போது சாம்பல்தான். வரிசை கிடைத்து, அதில் எண் இருந்து, அந்த எண் நம்பும்படி இருந்து, பதிவான நேரமும் அண்மையதாக இருந்தால்தான் வேறு நிறத்துக்குப் போகும். ‘நம்பும்படி’ என்று ஏன் சொல்கிறேன் என்றால், கருவியிடமிருந்து அளவு வராதபோது அந்த இடத்தில் மைனஸ் 9999 என்று எழுதிவைப்பது நீர்வள, வானிலைத் தரவுகளில் நெடுங்கால வழக்கம். மனிதக் கண்ணுக்கு அது உடனே தெரியும். நிரலுக்கு அது எண்தான். அதுவும் எல்லா எல்லைக்கும் கீழே உள்ள எண். ஆகவே பச்சை! ஆற்றில் தண்ணீரே இல்லை, பாட்டி நிம்மதியாகத் தூங்கலாம் என்று சொல்லியிருக்கும்.

இன்னொரு சின்னப் பொறியையும் சொல்லிவிடுகிறேன். மரத்திலிருந்து எடுக்கும் ‘10.2’ எண் அல்ல, எழுத்து. அதை எண்ணாக மாற்றாமல் ‘9.5’ என்ற எழுத்தோடு ஒப்பிட்டால், அகராதி வரிசைப்படி 1 முன்னால் வருவதால் 10.2 சிறியது என்று நிரல் முடிவுகட்டும். தமிழ்ப்பள்ளி இரண்டாம் ஆண்டுப் பிள்ளை செய்யாத தப்பு.

இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம்

நான்கு மலாய்ச் சொற்களுக்குத் தமிழ் தேடியதும் ஒரு தனிக் கதை. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, பிறகு மலாயில் இடைநிலைப்பள்ளி என்று படித்தவளுக்கு இது சுலபம் என்று நினைத்தேன். நோர்மலும் பஹாயாவும் சிக்கல் தரவில்லை. வஸ்பாடாவுக்கும் அமாரானுக்கும் இரண்டுக்குமே ‘எச்சரிக்கை’ என்றுதான் முதலில் வாயில் வந்தது. பாட்டியிடமே கேட்டேன். “மொதல்ல முழிச்சிருக்கணும், அப்புறம் மூட்ட கட்டணும், அப்புறம் ஓடணும். அத எழுது,” என்றார். விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று எழுதிவிட்டேன். அவருடைய சொற்களை அப்படியே போட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

எழுத்துப் பெரிதாகவும் தெளிவாகவும் வந்தது. பழைய கைப்பேசியிலும் தமிழ் உடையவில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இதுவே ஒரு போராட்டமாக இருந்திருக்கும் என்று விரிவுரையாளர் சொன்னார். ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர் என்பதை என் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது.

பாட்டியின் திரையில் இப்போது மூன்று வரிகள். முதல் வரி, நிலை. இரண்டாவது, ‘ஏறுகிறது’ அல்லது ‘இறங்குகிறது’. இது பாட்டி கேட்டது. மீட்டர் கணக்கு அவருக்குத் தேவையில்லை. முந்தைய சில அளவுகளைச் சர்வரில் சேமித்து ஒப்பிட்டு இதைச் சொல்கிறேன். மூன்றாவது, கடைசியாக அளந்த நேரம். இது அந்த நான்கு நாள் பச்சைக்குப் பிறகு நானாகச் சேர்த்தது.

இப்படிப் பிறர் தளத்திலிருந்து எடுக்கிறவர்கள் சில மரியாதைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். முதலில், எண்களை நேரடியாகத் தரும் வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் வானிலை முன்னறிவிப்பு போன்றவை நிரல்களுக்கென்றே ‘ஜேசன்’ வடிவில் கிடைக்கின்றன. அப்படிக் கிடைப்பதை எச்.டி.எம்.எல்.-இல் தோண்டிக்கொண்டிருப்பது வீண் வேலை. அடுத்து, தளத்தின் பயன்பாட்டு விதிகளைப் படிக்க வேண்டும். வினாடிக்கு ஒரு தடவை போய்க் கதவைத் தட்டக் கூடாது. என் நிரல் கால் மணிக்கு ஒரு தடவைதான் போகிறது, பத்துப் பேர் பார்த்தாலும் அதே ஒரு பயணம்தான். வெள்ள நேரத்தில் அந்தத் தளத்தை ஆயிரக்கணக்கானோர் பார்ப்பார்கள். அவர்கள் வழியில் நாம் நந்தியாக நிற்கக் கூடாது. எங்கள் வீட்டுக்கு வெளியே இந்தப் பக்கத்தை யாருக்கும் நான் கொடுக்கவும் இல்லை. அதிகாரபூர்வ அறிவிப்பு துறையினுடையதுதான்; அது பக்கத்தின் அடியிலேயே எழுதியிருக்கிறது.

ஒருவருக்கு மட்டும் விதிவிலக்கு. அப்பாவின் நண்பர், நெல் பயிரிடும் பாக்சிக் ஒருவர். தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கத்துச் சுமார் 20,000 ஹெக்டர் நெல் வயல்களுக்குத் தண்ணீர் பெர்ணாம் ஆற்றிலிருந்துதான் வருகிறது. ஆற்றில் திருப்பிவிடும் நீர் வாய்க்கால் வழியாகத் தெங்கி ஆற்றுக்கு வந்து, அங்கிருந்து கடற்கரைக்கு இணையாக ஓடும் பெரிய வாய்க்காலில் இறங்குகிறது. நாங்கள் பள்ளிக்குப் போன வழியெல்லாம் அந்த வாய்க்கால்தான். பெர்ணாம் ஆற்று நிலையத்தின் அளவையும் காட்ட முடியுமா என்று பாக்சிக் கேட்டார். எண்ணை மாற்றினால் போதும், ஐந்து நிமிட வேலை என்று செய்து கொடுத்தேன்.

பச்சையாக ‘நோர்மல்’ என்று வந்தது. அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தண்ணீர் குறைவாக இருந்தாலும் உன் பக்கம் பச்சைதானே காட்டும், மகளே?” அட்டவணையின் எல்லைகள் நான்கும் வெள்ளத்துக்காக வைத்தவை. நாற்று நடும் பருவத்தில் அவருக்குள்ள பயம் நேர் எதிர்ப்பக்கம். பாட்டியின் பச்சை அவருக்குப் பச்சை அல்ல. அவருக்கென்று ஒரு கீழ் எல்லையை எப்படி வைப்பது என்று கடந்த சில பருவங்களின் அளவுகளை வைத்துக்கொண்டு இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

போன வாரம் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது இரவு பதினொன்றரைக்குப் பாட்டியிடமிருந்து அழைப்பு. “கண்ணு, சாம்பலா இருக்கு.”

என் சர்வர் நின்றுபோயிருந்தது. மாதக் கட்டணம் கட்ட மறந்திருக்கிறேன். நான் சொல்வதற்கு முன்பே பின்னணியில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சித்தப்பா டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கேட் தூணைப் பார்க்கப் போயிருந்தார்.